அடுத்தவர் பிள்ளையின் முடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று, நானும் மறுப்பதில்லை. ஆனால் அந்த வாயே என்னைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரே ஒரு கோடையில்தான். நெய்வேலியில் முதன்முதலாக நிலக்கரி தட்டுப்பட்டதற்கு மறு வருடம் அது. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் வைத்த வேப்பங்கன்று இடுப்பு உயரம்கூட வளரவில்லை. பிளாக் முழுக்க வெயில்.

என் கணவருக்கு மதுரைப் பக்கம். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த இயந்திரங்களைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்தவர்களில் ஒருவரோடுதான் அவருக்கு எந்த ஷிப்டும். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருடமாகியும் எங்கள் வாயிலிருந்து 'துரை' போகவில்லை. ஆகவே அவர் துரை, அவர் மனைவி துரையம்மா. ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். பையனுக்குத் தலை நிறைய வைக்கோல் நிறத்தில் சுருட்டை முடி. எங்கள் பிளாக் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே வரிசையில் நிற்பார்கள்.

துரையம்மாவை நான் சந்தித்தது மந்தாரக்குப்பத்து மாதா கோயிலில். கோயில் என்றால் அப்போது கீற்றுக் கொட்டகைதான். முதல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கென்று எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து முன்னால் போட்டார்கள். பையன் இறங்கி ஓடிவந்து தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டான். அவனைப் பிடிக்க வந்தவள் அப்படியே எங்களோடு பாயில் மண்டி போட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். எனக்கும் லத்தீன் புரியாது, அவளுக்கும் புரியாது. ஆனால் மறுமொழிகள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். பூசை முடிந்ததும் நான் கன்னியர் பள்ளியில் படித்த இங்கிலீஷையும் அவள் கையில் வைத்திருந்த இங்கிலீஷையும் சேர்த்துப் போட்டு ஒரு பேச்சாக்கிக்கொண்டோம்.

அவர்கள் ஊரிலும் இதே பழுப்பு நிலக்கரிதானாம். அவள் பிறந்த கிராமமே சுரங்கத்துக்குள் போய்விட்டதாம். 'இங்கே வந்தும் பள்ளத்தையும் மண்மேட்டையுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் மரத்தடியில் ஓடி விளையாடுகிற மாதிரி ஓர் இடம் இல்லையா?' என்று கேட்டாள். நான்தான் இருக்கிறேனே வாயைத் திறப்பதற்கு. 'எங்கள் அக்கா ஊருக்கு வா' என்றேன்.

பண்ருட்டிக்குப் போகிற வழியில் செம்மண் பாதையில் திரும்பினால் அக்கா ஊர். அக்கா புருஷன், எனக்கு மாமா, அங்கே ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பூசை முடிந்த கையோடு துரையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். வடலூர் தாண்டியதும் பிள்ளைகள் எல்லோரும், என் மகளையும் சேர்த்து, சிவப்புத் தூசியில் ஒரே நிறமாகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று மாமாவுக்கும் தெரியும். விழுந்த முந்திரிக்கொட்டைக்குத் தெரியாதே. தோப்பில் பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் பழத்தை வீசுவார்கள். அழுகிய பழ வாசனை கள்ளுக்கடை மாதிரி அடித்தது. துரை மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சந்தோஷப்பட்டார். துரையம்மா காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பிள்ளைகள் பழத்தைக் கடித்து, தொண்டை கரகரத்து, துப்பி, மறுபடி கடித்தார்கள். சட்டை கறையானால் போகாது என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

முந்திரி மரத்தில் சிவப்பு எறும்பு. அதனால் தோப்பு நடுவில் இருந்த ஒரே வேப்பமரத்தில்தான் வேலைக்காரப் பெண்கள் தூளி கட்டியிருந்தார்கள். பழைய புடவைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கைக்குழந்தை. துரையம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, 'துணி இப்படியா காயப்போடுவீர்கள்?' என்று கேட்டாள். பிள்ளை தூங்குகிறது என்று சொன்னதும் ஆசையாக எட்டிப் பார்க்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தே விட்டாள். தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்க்கக் கூடாது, கண்பட்டுவிடும். பெற்றவளைத் தவிர வேறு யாரும் தூளியை விலக்கமாட்டார்கள். நான் அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல், 'நோ லுக், நோ லுக்' என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பாய் விரித்தோம். கோழிக் குழம்பு, காரமில்லாமல் துரைக்குத் தனியாக. அவர் காரம் போட்டதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார். என் கணவர் அவருக்குத் தண்ணீர் ஊற்ற, மாமா பலாச்சுளை எடுத்துப் போட, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். துரையம்மாதான் முதலில் திரும்பிப் பார்த்தாள். பெண் பிள்ளைகள் இரண்டும் ஆட்டுக்குட்டிகளோடு நின்றன. பையனைக் காணவில்லை.

முதலில் யாரும் பயப்படவில்லை. முந்திரி மரம் தரையைத் தொடுகிற மாதிரி கவிந்திருக்கும், ஒளிந்து விளையாடுகிறான் என்று நினைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதிலில்லை. மரம் மரமாகக் குனிந்து பார்த்தோம். துரையின் குரல் உயர ஆரம்பித்தது. வேலைக்காரப் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 'வெள்ளக்காரப் புள்ளயக் காணோம்' என்று தோப்பு முழுக்கச் சத்தம்.

அப்போது மாமா கையில் பையனின் சின்ன வெள்ளைத் தொப்பியோடு வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்துக் கொல்லையில் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று உண்டு. தொப்பி அதன் விளிம்பில் கிடந்ததாம்.

எல்லோரும் கிணற்றடிக்கு ஓடினோம். கூப்பிட்டு வந்தவள் நான். அந்தத் தாய்க்கு இந்த ஊரில் என்னைவிட்டால் யாரையும் தெரியாது. துரை செருப்பைக்கூடக் கழற்றாமல், யாரோ கொண்டுவந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். அவரைத் தடுக்கப் போன என் கணவரும் பின்னாலேயே இறங்கினார். உள்ளே சேறும் பாசியுமாகத் தண்ணீர். அவர்கள் துழாவுகிற சத்தம் மட்டும் மேலே கேட்டது.

துரையம்மா அழவில்லை. செம்மண்ணில் மண்டி போட்டு, கோயிலில் சொல்கிற அதே லத்தீன் மன்றாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. நான் அவள் பக்கத்தில் விழுந்து மீதியைச் சொன்னேன். பாதியில் எனக்கு லத்தீன் போதவில்லை. மாதாவிடம் கேட்கிற விஷயம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது புரியாத பாஷையில் கேட்க முடியுமா? தமிழில் கத்தினேன்.

"மாதாவே, இந்தப் புள்ளய உசுரோட குடுத்துடு. இவன் தலமுடிய உனக்குக் குடுத்துடறேன். மொட்டை போட்டுக் கூட்டியாறேன்."

என் மகள் முடி என்று சொல்லியிருக்கலாம். என் முடி என்று சொல்லியிருக்கலாம். அவன் முடிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதுதான் வாயில் வந்தது.

அந்த நேரத்தில் தோப்பின் கடைசி மூலையிலிருந்து ஒருத்தி வந்தாள். தலையில் கூடை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கூலிக்கு வருகிறவர்களில் இளையவள். தூரத்தில் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏம்மா எல்லாரும் இப்படிக் கத்திகினு ஓடறீங்க?"

"தொரை புள்ளயக் காணோம்டி! கெணத்துல தேடிகினு இருக்காங்க!" என்றாள் அக்கா.

"அந்த வெள்ளப் புள்ளயா?" என்று கூடையை இறக்கினாள் அவள். "அது என் தூளில தூங்கிகினு இருக்குதும்மா. வேப்பமரத்தாண்ட கீழ படுத்துகினு கண்ணச் சொருவிகினு கெடந்திச்சி. எறும்பு ஏறிடுமேன்னு பாத்தேன். எம்புள்ள முழிச்சிகினு இருந்திச்சி, இத்த இடுப்புல வச்சிகினு அத்தத் தூக்கித் தூளில போட்டேன். ரெண்டு ஆட்டு ஆட்டனேன், தூங்கிப்போச்சி. என்னா கனம்!"

அவளுக்கு அதில் அதிசயமே இல்லை. தோப்பில் தூங்கி விழுகிற பிள்ளை எதுவானாலும் காலியாக இருக்கிற தூளியில் போடுவதுதான் அவர்கள் வழக்கம். நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தூளியைச் சுற்றிச் சுற்றித்தான் ஓடியிருக்கிறோம். அடுத்தவள் தூளியை விலக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடினோம். அவள்தான் புடவையை விலக்கினாள். உள்ளே கால் இரண்டும் மடங்கி, முழங்கால் மூக்கைத் தொட, வாயெல்லாம் பழக்கறையோடு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் பெரிய கரும்பொட்டு வேறு. கண்பட்டுவிடக் கூடாதென்று அடுப்புக்கரியைத் தொட்டு வைத்திருந்தாள். துரையம்மா அள்ளி எடுத்ததும் தூக்கம் கலைந்த கோபத்தில் அவன் தோப்பே அதிர அலறினான். அந்த அலறலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது.

கிணற்றிலிருந்து துரை பச்சைப் பாசியோடு ஏறி வந்தார். மகனைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய இயந்திரத்தை விரல் நுனியில் ஆட்டுகிறவர், நனைந்துபோன சிகரெட்டுக்கு நனைந்த தீக்குச்சியை உரசிக்கொண்டே இருந்தார். பின்னாலேயே ஏறி வந்த என் கணவர்தான் மாமாவிடம் பீடி வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். தொப்பியை ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டது பெண் பிள்ளைகள் இரண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. குட்டி அதைக் கிணற்றடியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.

துரையம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்தக் கூலிப்பெண்ணைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தாள். மாமா வேறு பக்கம் பார்த்தார். அக்கா வீட்டில் அவளுக்குத் தண்ணீர் தருவது வாசலுக்கு வெளியே நின்று கைகுவித்தால்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் பூசையில் நாக்கை நீட்டி நன்மை வாங்குகிற வீடு அது.

ஜீப்பில் ஏறும்போது அக்கா என் காதோடு கேட்டாள்.

"ஏண்டி, அது யாரு வூட்டுப் புள்ள, யாரு வூட்டு முடி? நீ பாட்டுக்கு நேந்துகினியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? நான் போய் அவர்ட்ட என்னன்னு சொல்ல? உங்க மகனுக்கு மொட்டை போடணும்னா?" என்றார். மாதா கோயில் சாமியாரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டார். உன்னுடையதைக் கொடுப்பதாகச் சொன்னால்தான் நேர்ச்சை, அடுத்தவன் தலை உன் சொத்தா, பேசாமல் போ என்றார். பேசாமல் போனேன், மனசு பேசாமல் இருக்கவில்லை. சாமியார் சொன்னது மாதாவுக்குத் தெரியுமா? கேட்டது கிடைத்துவிட்டது. கொடுப்பதாகச் சொன்னது அவன் தலையில் காற்றில் பறந்துகொண்டிருக்கிறது. பையன் தும்மினால் ஓடிப்போய் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன். கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான் என்று கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பண்ருட்டி பஸ்ஸில் யார் வந்தாலும் அக்கா அவர்களிடம் ஒரே கேள்வியைச் சொல்லி அனுப்பினாள்: முடி என்னாயிற்று?

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. ஒரு நாள் காலையில் துரையம்மா என் வாசலில் நின்றாள். பையன் அவள் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சலோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் அவன் முடியை விலக்கிக் காட்டினாள். தலை நிறைய வேனற்கட்டி. முடியை முழுக்க எடுத்துவிட்டால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

'உனக்குத் தெரிந்த நாவிதர் யாராவது இருக்கிறாரா?' என்று கேட்டாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். பிறகு உட்காரவைத்து, கிணற்றடியில் நான் தமிழில் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் செலவழித்துச் சொன்னேன். அவள் முகம் மாறியது. கோபமோ என்று பயந்தேன். பையனின் முடியை மெல்லக் கோதிக்கொண்டே, 'என் மகனுக்காக நீ வேண்டிக்கொண்டாய். அதை ஏன் இத்தனை நாள் தனியாகச் சுமந்தாய்?' என்றாள். அந்த நிமிஷம் என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதன் பிறகு அவளும் சிரித்தாள். நாவிதர் வீட்டுக்கு வர வேண்டாம், கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் அவளே சொன்னாள்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். முதல் மொட்டைக்குப் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும்.

'எனக்கு ஒரே தம்பி. யுத்தத்துக்குப் போனவன் திரும்பவில்லை' என்றாள். என் கணவர் மாமனாக உட்காரட்டும் என்றேன். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். 'தூளியில் போட்டாளே, அவள் வருவாளா?'

மறுநாளே பஸ் ஏறித் தோப்புக்குப் போனேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எங்க ஆளுங்கள உள்ள உடுவாங்களாம்மா?"

"நான் உடுவேன், வா" என்றேன். என் வாய் நீளம் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டகைக்கு முன்னால் பாய் போட்டோம். துவைத்த புடவை கட்டிக்கொண்டு, தன் கைக்குழந்தையை என் மகளிடம் கொடுத்துவிட்டு, பையனை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்தாள். அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். துரை நிற்கும்போது அவர்கள் எப்படி உட்கார முடியும்? நின்றார்கள். நாவிதர் கத்தியை எடுத்ததும் பையன் கால்களை உதைத்தான். அவள் அவனை மடியில் சாய்த்து, ஒரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டே தாலாட்டுகிற மாதிரி ஒரு ராகத்தை இழுத்தாள். அவனுக்கு அந்தக் குரல் ஞாபகம் இருந்ததோ என்னவோ, அடங்கிவிட்டான். வைக்கோல் நிறச் சுருள்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் விழுந்தன. சந்தனம் குழைத்து அவளே தலையில் தடவினாள். குளிர்ச்சி பட்டதும் பையன் கொட்டாவி விட்டான், கட்டைவிரலை வாயில் வைத்தான், அவள் மடியிலேயே தூங்கிப்போனான்.

துரை, துரையம்மா, சாமியார், அக்கா, மாமா, பூசைக்கு வந்த சனம் அத்தனை பேரும் சுற்றி நின்று அந்தச் சந்தன மொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

"தூங்கற புள்ளய யாரும் பாக்காதீங்க" என்றாள்.

அதட்டல்தான் அது. நாங்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம், மாமாவும்கூட.